ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்கு: அறிகுறியை வைத்துக் கேபிள் பிழையைப் பிடிப்பது

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கிடங்கில் புதிதாக ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி, வைத்தார்கள். அலுவலகத்து ஸ்விட்சிலிருந்து அதற்குக் கேபிள் இழுத்தாயிற்று, ஆனால் கேபிள் செருகிய போர்ட்டின் (துளையின்) இணைப்பு விளக்கு எரியவில்லை. அங்கிருந்த தம்பி மூன்று முறை ரீசெட் செய்து, விலான் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும்) அமைப்பை எல்லாம் அழித்துத் திரும்ப எழுதிப் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு என்னை அழைத்தான். போய்ப் பார்த்தால் கேபிளின் ஒரு முனையில் மூன்றாவது கம்பி கனெக்டரின் தகடு வரை போய்ச் சேரவே இல்லை. வெட்டி, புதிதாகக் கிரிம்ப் செய்ய (கனெக்டரைக் கருவியால் அழுத்திப் பொருத்த) இரண்டு நிமிடம் ஆனது. அழித்த அமைப்பை மீட்க விடியற்காலை வரை ஆனது.

அதனால்தான் சொல்கிறேன்: இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே இணைப்பு ஒழுங்காக வரவில்லை என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். அமைப்பில் கை வைப்பது அப்புறம். கேபிளில் இருக்கும் தவறு பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். விளக்கு எரிகிறதா, எந்த வேகத்தில் நிற்கிறது, எந்த நேரத்தில் விழுகிறது, ஸ்விட்ச் பிழைகளை எண்ணும் கவுன்டரில் எந்த வகைப் பிழை ஏறுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் அப்படிக் கண்ணில் படும் அறிகுறிகள். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

போகும் முன் பையில் இவை இருக்கட்டும்: கம்பெனியிலேயே முனை போட்டு வந்த, வேலை செய்வது உறுதியான கேட் 6 பேட்ச் கார்டு (சின்ன இணைப்புக் கேபிள்) ஒன்று, ஒரு கிராஸ் கேபிள், ஒரு லேப்டாப். ஃபைபர் இருக்கும் இடம் என்றால் ஸ்விட்சில் செருகி ஃபைபரை இணைக்கும் எஸ்எஃப்பி மாட்யூல், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டும் அவற்றுக்கான சின்ன பேட்ச் கார்டும் வேண்டும். சந்தேகப்படும் பொருளை இன்னொரு சந்தேகமான பொருளோடு ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது. நம்பகமான ஒரு கேபிள் கையில் இருப்பது விலை உயர்ந்த டெஸ்டரைவிடப் பல நேரம் உதவியிருக்கிறது.

இரண்டு பக்கமும் விளக்கே எரியவில்லை

முதலில் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். நிர்வகிக்கக்கூடிய (அமைப்பை மாற்றி எழுத முடிகிற) ஸ்விட்சுகளில் அந்த வேலைக்கென்றே கன்சோல் போர்ட் என்று ஒன்று உண்டு. அது நெட்வொர்க் போர்ட் போலவே ஆர்ஜே 45 வடிவத்தில் இருக்கும், ஆனால் அதில் நெட்வொர்க் ஓடாது. ரேக்கின் பின்பக்கம் இருட்டில் கைவிட்டுத் தடவிச் செருகும்போது இந்தத் தவறு எளிதில் நடக்கும். அதே போல, ஸ்விட்சோடு பெட்டியில் வரும் வெளிர்நீல நிறத் தட்டைக் கேபிள் கன்சோலுக்கானது. அதில் ஒரு முனையின் முதல் கம்பி மறுமுனையில் எட்டாவதாக, தலைகீழாகப் போகும். கம்பிகளுக்கு முறுக்கும் கிடையாது. அதை எடுத்து இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே போட்டால் ஒன்றும் நடக்காது.

அது சரி என்றால், நம்பகமான பேட்ச் கார்டால் லேப்டாப்பை முதல் ஸ்விட்சின் அதே போர்ட்டில் செருகுங்கள். பிறகு இரண்டாவது ஸ்விட்சில் செருகுங்கள். இரண்டு இடத்திலும் விளக்கு எரிந்தால் போர்ட்டுகள் உயிரோடு இருக்கின்றன, குற்றம் கேபிளில். ஓரிடத்தில் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் போர்ட் அமைப்பில் மூடப்பட்டிருக்கலாம் அல்லது இறந்திருக்கலாம். பக்கத்துப் போர்ட்டில் போட்டுப் பாருங்கள்.

லேப்டாப் இரண்டு ஸ்விட்சிலும் வேலை செய்கிறது, கேபிளும் டெஸ்டரில் சரியாக இருக்கிறது, ஆனால் ஸ்விட்சும் ஸ்விட்சும் மட்டும் பேச மறுக்கின்றன என்றால், அது பழைய கிராஸ் கேபிள் விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மையும் பாதி வழக்கமும் கலந்து கிடக்கிறது.

10 மற்றும் 100 மெகாபிட் வேகத்தில் எட்டுக் கம்பிகளில் நான்குதான் பயன்படும். கணினி 1, 2 ஆம் கம்பிகளில் அனுப்பும், 3, 6 ஆம் கம்பிகளில் வாங்கும். ஸ்விட்ச் இதற்கு நேர்மாறாக, 1, 2-இல் வாங்கி 3, 6-இல் அனுப்பும். அதனால் கணினிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே ஸ்ட்ரெய்ட் கேபிள் போதும். ஸ்விட்சையும் ஸ்விட்சையும் இணைத்தால் இரண்டும் ஒரே ஜோடியில் அனுப்பும், ஒரே ஜோடியில் காது வைத்துக் காத்திருக்கும். நடுவில் அந்த இரண்டு ஜோடிகளையும் மாற்றிவிடுவதுதான் கிராஸ் கேபிளின் வேலை. ஒரு முனையை டி568பி வரிசையில் போடுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மறுமுனையை டி568ஏ வரிசையில், அதாவது ஆரஞ்சு இருந்த இடத்தில் பச்சையும் பச்சை இருந்த இடத்தில் ஆரஞ்சும் வரும்படி போடுங்கள். அதுதான் கிராஸ். இரண்டு முனையும் ஒரே வரிசை என்றால் ஸ்ட்ரெய்ட்.

இப்போதைய ஸ்விட்சுகளுக்கு இந்தக் கவலை தேவையில்லை. ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் என்ற வசதி, எந்த ஜோடியில் அனுப்ப வேண்டும் என்பதைப் போர்ட் தானே கண்டுபிடித்துக்கொள்ளச் செய்கிறது. இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் இந்த வசதி இருந்தாலே போதும். ஜிகாபிட் செப்புப் போர்ட்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஜிகாபிட்டில் எட்டுக் கம்பிகளும், அதாவது நான்கு ஜோடிகளும், ஒரே நேரத்தில் இருபுறமும் ஓடுவதால், அனுப்பும் ஜோடி, வாங்கும் ஜோடி என்ற பிரிவினையே கிடையாது. ஆகவே ஒரு பக்கமாவது ஜிகாபிட் போர்ட் என்றால் ஸ்ட்ரெய்ட் கேபிளை எடுங்கள். ‘ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் என்றால் கிராஸ்’ என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு இன்றைக்கும் புதுக் கட்டடம் முழுக்கக் கிராஸ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்யும். ஆனால் பின்னால் அந்தக் கேபிளை வேறொரு பொருளுக்கு மாற்றும் ஆள் குழம்பிப்போவார். வேண்டாம்.

கிராஸ் இன்னும் தேவைப்படும் இடம் இரண்டு. ஒன்று, இரண்டு பக்கமும் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச். சிஸ்கோவின் 2950, 3550 வரிசைகளில் ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் கிடையாது, 2960-இல் உண்டு. பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் 2950 இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, வசதி இருந்தும் அணைந்துபோன இடம். போர்ட்டின் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (ஒரே நேரத்தில் அனுப்பி வாங்குவது ஃபுல், மாறி மாறிச் செய்வது ஹாஃப்) கையால் நிர்ணயித்துவிட்டால் பல ஸ்விட்சுகளில் ஆட்டோ எம்டிஐ-எக்ஸும் சேர்ந்து நின்றுவிடும். முந்தைய ஆள் ‘100 ஃபுல்’ என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார், உங்களுக்கோ நேற்று வரை ஓடிய கேபிளை மாற்றியதும் விளக்கு எரியாது. வேகம், டூப்ளெக்ஸ் இரண்டையும் இருபுறமும் ஆட்டோவுக்குத் திருப்புங்கள். கிராஸ் தேடி அலைய வேண்டியதில்லை.

விளக்கு எரிகிறது, ஆனால் 100 மெகாபிட்டில் நின்றுவிட்டது

இரண்டும் ஜிகாபிட் ஸ்விட்ச், ஆனால் விளக்கின் நிறம் 100-ஐக் காட்டுகிறது. எந்த நிறம் எந்த வேகம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஸ்விட்சின் முகப்பிலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்திருக்கிறது அல்லது கனெக்டருக்குள் சரியாக உட்காரவில்லை. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும் என்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரண்டு ஸ்விட்சும் வேகத்தைப் பேசி முடிவு செய்வதும் அந்த முதல் இரண்டு ஜோடிகளில்தான் நடக்கிறது. அதனால் ‘ஜிகாபிட்டில் போகலாம்’ என்று ஒப்புக்கொண்டுவிட்டு, போக முடியாமல் தடுமாறும். சில போர்ட்டுகள் தாமாக 100-க்கு இறங்கும். இறங்கத் தெரியாத போர்ட்டுகளில் விளக்கு எரிந்து எரிந்து அணையும். ஆக, இணைப்பு சில நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினாலும் இதே சந்தேகம் வரட்டும்.

முனையை வெட்டித் திரும்ப கிரிம்ப் செய்யுங்கள். முதலில் எந்த முனை சந்தேகமோ அதை மட்டும், தேவைப்பட்டால் மற்றதையும். கேட் 6 கம்பி தடிமனானது என்பதை மறந்துவிடாதீர்கள். கேட் 5இ-க்கான கனெக்டரை அதில் போட்டு அழுத்தினால் சில கம்பிகள் பாதியில் நின்றுவிடும். முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வெளி உறையும் கனெக்டருக்குள் போய்ப் பிடிபட வேண்டும். உறை வெளியே நின்றால் கேபிளின் எடை எட்டுக் கம்பிகளில் தொங்கும், ஆறு மாதத்தில் ஏதாவது ஒன்று கழலும்.

இரண்டு முனையும் புதிதாகப் போட்டும் 100-லேயே நிற்கிறது என்றால் கேபிளையே சந்தேகிக்க வேண்டும். கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாய் மின்னினால் அது சிசிஏ, அதாவது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே எடை குறைவு கைக்குத் தெரியும். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். வளைத்தால் சீக்கிரம் ஒடியும், கனெக்டரின் தகடு குத்திய இடத்தில் நாளடைவில் தொடர்பு கெடும். கேட் 6 என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், கேபிளுக்கான தரநிலை அதைக் கேட் 6 ஆக ஏற்பதில்லை. ஸ்விட்சுகளுக்கு நடுவே ஓடும் கேபிளில் அலுவலகம் முழுவதின் போக்குவரத்தும் போகிறது. அங்கே இதைப் போடாதீர்கள். கடையில் ‘ஃபுல் காப்பர்’ என்று கேட்டு, பெட்டியைப் பிரித்து ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றன, ஆனால் வேகமே இல்லை

என்னை அதிகம் அலைக்கழித்த அறிகுறி இதுதான். சாதாரண டெஸ்டர் ஒரு முனையின் ஒன்றாம் கம்பி மறுமுனையின் ஒன்றாம் கம்பியோடு சேர்ந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

புதிதாக வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வண்ணங்களை அழகாக ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. இரண்டு முனையும் ஒரே மாதிரி. “ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா போதும்னு சொன்னாங்களே அண்ணே” என்றார். சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 3-ஆம் கம்பியும் 6-ஆம் கம்பியும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். அவர் போட்ட வரிசையில் 3 பச்சையிலிருந்தும் 6 நீலத்திலிருந்தும் வந்தன. ஒரே சிக்னலின் இரண்டு பாதிகள் வெவ்வேறு முறுக்கில் போனால், ஒன்றின் இரைச்சலை இன்னொன்று ரத்துசெய்யும் ஏற்பாடு குலைந்துவிடுகிறது. பக்கத்து ஜோடியின் சத்தம் உள்ளே ஏறிவிடும். இதைப் பிரிந்த ஜோடி என்று சொல்லலாம். ஐந்து மீட்டரில் ஓடிவிடும், 10 மெகாபிட்டிலும் ஓடிவிடும். நாற்பது மீட்டரில் ஜிகாபிட் கேட்டால் பாக்கெட்டுகள் சிதையும், கவுன்டரில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகும்.

டெஸ்டரை நம்பாதீர்கள், கனெக்டரின் முகத்தைக் கண்ணால் பாருங்கள். பச்சை ஜோடி (டி568ஏ முனை என்றால் ஆரஞ்சு ஜோடி) நீல ஜோடியை நடுவில் விட்டு இருபுறமும் நிற்க வேண்டும். அப்படி இல்லை என்றால் இரண்டு முனையையும் வெட்டிப் போடுங்கள்.

வண்ண வரிசையும் சரி, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்றால் டூப்ளெக்ஸைப் பாருங்கள். இது கேபிள் பிழை இல்லை, ஆனால் கேபிள் பிழை போலவே நடிக்கும். ஒரு பக்கம் ‘100 ஃபுல்’ என்று கட்டாயப்படுத்தி, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்ற சோதனை) போகும், இணையம் திறக்கும், பெரிய கோப்பை அனுப்பினால் மட்டும் ஊர்ந்து போகும். ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் மோதல்), ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழை என்று இரண்டும் சேர்ந்து ஏறினால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஆட்டோ போடுங்கள்.

நாளில் சில நேரம் மட்டும் விழுகிறது, அல்லது மழை வந்தால் விழுகிறது

எந்த நேரம் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இயந்திரம் ஓடும் நேரம், லிஃப்ட் ஏறும் நேரம், வெயில் உச்சிக்கு வரும் நேரம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றோடு பொருந்தும்.

மின்சாரக் கேபிளோடு ஒரே பைப்பில் நெட்வொர்க் கேபிளையும் நுழைத்திருந்தால் மோட்டார் ஓடும்போது பிழை ஏறும். பிரித்துத் தனிப் பாதையில் கொண்டு போங்கள். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

அடுத்து நீளம். செப்புக் கேபிளுக்கு வரம்பு மொத்தம் 100 மீட்டர். சுவருக்குள் ஓடுவது 90, இரண்டு முனையிலும் பேட்ச் கார்டுகளுக்கு 10 என்பது கணக்கு. கேபிளின் உறையில் மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு முனையின் எண்ணிலிருந்து மறுமுனையின் எண்ணைக் கழித்தால் நீளம் கிடைத்துவிடும். 120 மீட்டரில் காலையில் ஓடியது, மதிய வெயிலில் கம்பி சூடாகி இழப்பு கூடும்போது விழுவது உண்டு. நடுவில் எங்காவது கம்பிகளை முறுக்கி டேப் சுற்றி இணைத்திருந்தால் அதுவே போதுமான காரணம். வெளியே திறந்த வெயிலில் ஓடும் உள்வீட்டுக் கேபிளின் உறை வெடித்து, மழைநீர் உள்ளே இறங்கியிருக்கலாம். அந்தக் கேபிளைக் காயவைத்துப் பயன் இல்லை, மாற்ற வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செப்புக் கேபிளை இழுக்காதீர்கள், தூரம் முப்பது மீட்டராக இருந்தாலும். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலும் அந்தக் கம்பியில் மின்னழுத்தம் பாயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே இரவில் இரண்டு முனையிலும் போர்ட்டுகள் கருகிப்போன ரேக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. உலோகக் கவசமோ இழுவைக் கம்பியோ உள்ள ஃபைபர் என்றால் அந்த உலோகத்தை எர்த் செய்ய வேண்டும், அவ்வளவுதான். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் ஒரு ஸ்விட்ச் போனால் அதைவிட அதிகம் போகும்.

ஃபைபர் போட்டாயிற்று, விளக்கு எரியவில்லை

முதல் வேலை, ஒரு முனையில் மட்டும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இங்கே கிராஸ் எப்போதும் தேவை. இந்தப் பக்கத்து அனுப்பும் துளை அந்தப் பக்கத்து வாங்கும் துளைக்குப் போக வேண்டும். நடுவில் எத்தனை எல்ஐயூ பெட்டி (ஃபைபர் இழைகள் வந்து முடியும் பெட்டி), எத்தனை பேட்ச் கார்டு என்பதைப் பொறுத்து இது மாறிப்போகும். பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும். துளைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, விழித்திரையை மட்டும் கெடுக்கும். ஃபோன் கேமராவில் 850 நானோமீட்டர் ஒளி சில நேரம் தெரியும். 1310 தெரியாது, அதனால் கேமராவில் இருட்டாக இருப்பதை வைத்து மாட்யூல் இறந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பவர் மீட்டர் வையுங்கள், இல்லையென்றால் மாட்யூல் தானே அளந்து சொல்லும் மதிப்பை ஸ்விட்சில் பாருங்கள்.

அடுத்து, மாட்யூலும் இழையும் ஒரே இனமா என்று பாருங்கள். மஞ்சள் உறை சிங்கிள் மோட். ஆரஞ்சு, பழைய மல்டிமோட், ஓஎம்1 அல்லது ஓஎம்2. கடல்நீலம் ஓஎம்3 அல்லது ஓஎம்4. எஸ்எக்ஸ், எஸ்ஆர் என்று முடியும் மாட்யூல்கள் 850 நானோமீட்டர், மல்டிமோட்டுக்கானவை. எல்எக்ஸ், எல்ஆர் என்பவை 1310, சிங்கிள் மோட்டுக்கானவை. மல்டிமோட் இழையின் நடுத்தண்டு 50 அல்லது 62.5 மைக்ரோமீட்டர், சிங்கிள் மோட்டுடையது சுமார் 9. பெரிய குழாயிலிருந்து சிறிய குழாய்க்குள் ஒளியைத் தள்ளினால் பெரும்பகுதி வெளியே போய்விடும். எனவே இரண்டு மாட்யூல், நடுவில் உள்ள இழை, இரண்டு பேட்ச் கார்டு என ஐந்தும் ஒரே இனமாக இருக்க வேண்டும். நான்கு சரியாக இருந்து ஒரு பேட்ச் கார்டு மட்டும் ஆரஞ்சாக இருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆகியிருக்கிறது.

ஒற்றை இழையில் இருபுறமும் போகும் பைடி மாட்யூல்கள் நம் ஊரில் அதிகம், கேபிள் டிவி இழுக்கும் ஆட்களிடம் ஒரு கோர் வாங்கிப் பயன்படுத்துபவர்கள் நிறைய. அவை ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒன்று 1310-இல் அனுப்பி 1550-இல் வாங்கினால், மற்றது 1550-இல் அனுப்பி 1310-இல் வாங்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிட்டால் எவ்வளவு நல்ல இழையாக இருந்தாலும் எரியாது.

கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சை என்றால் ஏபிசி (APC) வகை, முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. வீட்டு ஃபைபர் இணைப்புகளில் மீந்த பச்சை பேட்ச் கார்டுகள் எல்லாருடைய பையிலும் கிடக்கும். ஸ்விட்ச் மாட்யூல்களோ நேர்முனை, யூபிசி வகை, சிங்கிள் மோட்டில் நீலம். பச்சையையும் நீலத்தையும் சேர்த்தால் நடுவில் இடைவெளி விழும், ஒளி சிதறும், முனைகளும் தேயும்.

இவ்வளவும் சரி என்றால் வேகம். 10 ஜிகாபிட் எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூல் ஒரு பக்கம், 1 ஜிகாபிட் எஸ்எஃப்பி மறுபக்கம் என்றால் அவை சேராது. எஸ்எஃப்பி பிளஸ் துளையில் 1 ஜிகாபிட் மாட்யூல் பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் பல ஸ்விட்சுகளில் அந்தப் போர்ட்டின் வேகத்தை நீங்களே 1 ஜிகாபிட் என்று சொல்ல வேண்டும். சில தயாரிப்பாளர்களின் ஸ்விட்சுகள் தங்கள் முத்திரை இல்லாத மாட்யூலைக் கண்டதும் போர்ட்டைப் பூட்டிவிடும். ஸ்விட்சின் பதிவேட்டை (லாக்) திறந்தால் அது எழுதப்பட்டிருக்கும்.

ஃபைபரில் ஒரு பக்கம் எரிகிறது, மறுபக்கம் இல்லை

1 ஜிகாபிட்டில் இது பெரும்பாலும் ஆட்டோ நெகோஷியேஷன் (இரு பக்கமும் தாமே பேசி முடிவு செய்யும் வசதி) பொருந்தாமை. ஒரு பக்கம் அணைத்தும் மறுபக்கம் இயக்கியும் இருந்தால், அணைத்த பக்கம் எரியும், இயக்கிய பக்கம் எரியாது. இரண்டையும் ஒன்றாக்குங்கள். நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரிலிருந்து செப்புக் கேபிளுக்கு மாற்றும் பெட்டி) இருந்தாலும் இப்படி நடக்கும். ஃபைபர் அறுந்த பிறகும் செப்புப் பக்கத்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஸ்விட்சுக்கு ஒன்றும் தெரியாது. கூடுமானால் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேராக ஸ்விட்சில் மாட்யூல் போடுங்கள்.

ஃபைபர் இணைப்பு வருகிறது, ஆனால் பிழைகள் ஏறுகின்றன

தூசி. முதலில் அதுதான், இரண்டாவதும் அதுதான். மூடி திறந்து கிடந்த பேட்ச் கார்டு, விரல் பட்ட முனை எல்லாம் போதும். முனை துடைக்கும் பேனா ஒன்று வாங்கி, செருகும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். சட்டை நுனியால் துடைக்காதீர்கள்.

பிறகு வந்துசேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். ஒளியின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள். 10 ஜிகாபிட் எல்ஆர் மாட்யூலுக்கு வரம்பு −14.4 டிபிஎம்மிலிருந்து 0.5 டிபிஎம் வரை. −14-ஐ ஒட்டி இருந்தால் இன்றைக்கு ஓடும், கொஞ்சம் வளைந்தால் விழும். அதிக ஒளியும் கெடுதல்தான். 40 கிலோமீட்டருக்கான ஈஆர் மாட்யூலை ஒரே வளாகத்துக்குள் போட்டால் வாங்கும் பக்கம் திணறும், நடுவில் அட்டென்யுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துண்டு) தேவை.

மல்டிமோட்டில் வேகத்தை உயர்த்தியவர்களுக்கு வேறொரு சிக்கல். ஓஎம்2-இல் 1 ஜிகாபிட் 550 மீட்டர் போகும். அதே இழையில் 10 ஜிகாபிட் எஸ்ஆர் 82 மீட்டர்தான். ஓஎம்1 என்றால் 33 மீட்டர். ஓஎம்3-க்கு 300, ஓஎம்4-க்கு 400. கல்லூரி வளாகங்களில் பழைய ஆரஞ்சு இழையை வைத்துக்கொண்டு ஸ்விட்சை மட்டும் 10 ஜிகாபிட்டுக்கு மாற்றினால் இதில் வந்து மாட்டும். புதிதாகப் புதைக்கிறீர்கள் என்றால் சிங்கிள் மோட் போடுங்கள், பள்ளம் தோண்டும் செலவு எப்படியும் ஒன்றுதான்.

செப்பில் 10 ஜிகாபிட்டுக்கும் இதே கதை: கேட் 6 என்றால் 55 மீட்டர் வரை, முழு 100 மீட்டருக்குக் கேட் 6ஏ வேண்டும். 2.5 ஜிகாபிட் போதும் என்றால் நல்ல கேட் 5இ-யே 100 மீட்டர் தாங்கும். கேபிளை மாற்ற முடியாத பழைய கட்டடங்களில் இதை முதலில் யோசியுங்கள்.

ஒரே ரேக்கில் இரண்டு ஸ்விட்ச், டேக் கேபிளை ஏற்க மறுக்கிறது

இரு முனையிலும் எஸ்எஃப்பி பிளஸ் தலை பொருத்தி வரும் செப்புக் கேபிள்தான் டேக். ரேக்குக்குள் ஒரு மீட்டர், மூன்று மீட்டர் தூரத்துக்கு இதைவிட மலிவாக 10 ஜிகாபிட் கிடைக்காது. சிக்னலைப் பெருக்கும் சுற்று இல்லாத (பாசிவ்) வகை ஏழு மீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு தயாரிப்பாளரின் ஸ்விட்சுகளை இணைக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு தலையும் அந்தந்தத் தயாரிப்பாளரின் அடையாளத்தோடு எழுதப்பட்டதாக வாங்குங்கள். 25 ஜிகாபிட் டேக் எரியவில்லை என்றால் எஃப்ஈசி (பிழை திருத்தும்) அமைப்பு இருபுறமும் ஒன்றா என்று பாருங்கள்.

ஸ்டேக் போர்ட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பல ஸ்விட்சுகளை ஒரே ஸ்விட்சாகச் சேர்க்கும் துளை. டெல்லின் பவர்கனெக்ட் 5500 வரிசையில் அது பார்ப்பதற்கு டிவியின் எச்டிஎம்ஐ துளையாகவே இருக்கும். அங்கே சாதாரண நெட்வொர்க் ஓடாது, வேறு வரிசை ஸ்விட்சும் சேராது.

இரண்டாவது கேபிள் போட்டதும் நெட்வொர்க் முழுவதும் நின்றுவிட்டது

எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிகொண்டு மின்னினால் லூப், அதாவது போக்குவரத்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியாகச் செருகிய கேபிளை உடனே பிடுங்குங்கள், சில நொடிகளில் அடங்கும். நிர்வாக வசதி இல்லாத ஸ்விட்சுகளில் இரண்டு கேபிள் போட வழியே இல்லை, ஒன்றோடு நிறுத்துங்கள். மேசைக்கடியில் யாராவது தொங்கும் கேபிளின் இரு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகியிருக்கிறார்களா என்றும் தேடுங்கள்.

நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ (லூப்பைத் தடுக்கும் வசதி) இயங்கினால் இரண்டாவது கேபிள் தானாக முடங்கிக் காத்திருக்கும். இரண்டும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்றால் எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறை) அமைக்க வேண்டும், இரண்டு கேபிளும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு கேபிள் செருகிய நிலையில் இருபுறமும் அமைப்பை எழுதுங்கள். எல்ஏசிபி குழு எழுந்துவிட்டது என்று இரண்டு ஸ்விட்சிலும் பார்த்த பிறகே இரண்டாவதைச் செருகுங்கள். அப்புறம் பிங் ஓடவிட்டு முதல் கேபிளைப் பிடுங்குங்கள். ஒன்றிரண்டு பதில் தவறி மீண்டும் தொடர்ந்தால், பிடுங்கியதைத் திரும்பச் செருகிவிட்டு ரேக் கதவைச் சாத்தலாம்.